கம்ப்யூட்டர் கோர்களை நான்கு மடங்காக்கியும் வேகம் ஏன் கூடவில்லை?

கேள்வி, 3 ஜூன் 2023

அண்ணா, நிலத்தடி நீர் ஓட்டத்துக்கு முப்பரிமாண மாடல் ஒன்று செய்கிறேன். 100×100×100 கட்டம், ஆக 10 லட்சம் சமன்பாடு, 10 லட்சம் மாறி. ஒவ்வொரு காலப்படியிலும் ஒரு தடவை தீர்க்க வேண்டும். விடையைச் சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே நெருங்கும் கான்ஜுகேட் கிரேடியன்ட் முறை, இணைக் கணக்குக்கான பெட்ஸி மென்பொருள் நூலகம். 16 கோர் (கணக்குப் போடும் அலகு) உள்ள ஒரு சர்வரில் 40 நிமிடம் ஆனது. அதே மாதிரி நாலு சர்வரைச் சேர்த்து 64 கோரில் ஓட்டினால் 47 நிமிடம் ஆகிறது. புரோகிராம் கோடு சரியாகத்தான் இருக்கிறது, விடை ஒத்துப்போகிறது. ஆராய்ச்சி கைடு இன்னும் கோர் கேட்டு வாங்கச் சொல்கிறார். எங்கே தப்பு?

3 ஜூன், இரவு

கோர் கேட்டு எழுதாதே, தம்பி. முதலில் இதைச் சொல்: நாலு சர்வருக்கும் நடுவே என்ன கேபிள் போகிறது? சாதாரண ஈதர்நெட்டா, சர்வர்களை அதிவேகமாக இணைக்கும் இன்ஃபினிபேண்டா? ஆபீஸ் கம்ப்யூட்டரை இணைக்கிற அதே ஸ்விட்ச்சில்தான் இவையும் செருகியிருக்கின்றனவா?

4 ஜூன்

கிகாபிட் ஈதர்நெட் என்கிறான். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், யாரும் பேனா எடுத்துச் சரிபார்க்கலாம்.

இந்த மேட்ரிக்ஸில் ஒரு வரிசைக்கு ஏழு எண்கள்தான் பூஜ்யம் இல்லாதவை: அந்தக் கட்டப்புள்ளி, அதன் ஆறு அண்டைப் புள்ளிகள். மொத்தம் 70 லட்சம். ஒவ்வொன்றையும் வைக்க 8 பைட், அது எந்த நெடுவரிசை என்று குறிக்க 4 பைட். ஆக மேட்ரிக்ஸ் 84 எம்.பி. கான்ஜுகேட் கிரேடியன்ட்டின் ஒரு சுற்றில் மேட்ரிக்ஸை ஒரு தடவை முழுக்கப் படிக்க வேண்டும். அதோடு சில வெக்டர்களைப் படித்து எழுத வேண்டும். எல்லாம் சேர்ந்து சுமார் 200 எம்.பி. மெமரியிலிருந்து வந்து போகும்.

கூட்டல் பெருக்கலை இங்கே எண்ணவே வேண்டாம். 12 பைட் கொண்டு வந்து ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் செய்கிறோம். இன்றைய கோர் அதைப் பொருட்படுத்தாது, எண் வந்து சேரும் வரை சும்மா இருக்கும். மெமரி நொடிக்கு 100 ஜி.பி. தரும் என்று வைத்துக்கொண்டால் ஒரு சர்வரில் ஒரு சுற்றுக்கு 2 மில்லிசெகண்ட். நாலு சர்வரில் ஆளுக்குக் கால் பங்கு, 0.5 மில்லிசெகண்ட். இதுவரைக்கும் கைடு சொன்னது சரிதான்.

இப்போது கேபிளுக்கு வருவோம். கட்டத்தை நாலு அடுக்காக வெட்டியிருந்தால் ஒவ்வொரு வெட்டு முகத்திலும் 10,000 புள்ளி, 80 கே.பி. நடு அடுக்குக்கு மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம், 160 கே.பி. கிகாபிட் என்றால் நொடிக்கு 125 எம்.பி. எனவே ஒவ்வொரு சுற்றிலும் அண்டைக்கு எண் அனுப்ப மட்டும் சுமார் 1.3 மில்லிசெகண்ட் போகிறது. 0.5 வேலைக்கு 1.3 தபால்! இரண்டையும் கூட்டினால் 1.8. ஒரே சர்வரில் 2 ஆனது. மிச்சம் பிடித்தது அவ்வளவுதான்.

அதே 160 கே.பி. 100 கிகாபிட் இன்ஃபினிபேண்டில் 13 மைக்ரோசெகண்டில் போய்விடும். கோர் வாங்குகிற காசில் முதலில் கேபிளும் ஸ்விட்ச்சும் வாங்கச் சொல்ல வேண்டும்.

4 ஜூன், பிறகு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அடுக்கடுக்காக வெட்டுவது எல்லா இடத்திலும் பொருந்தாது. நாலு சர்வருக்கு அது போதும், ஆனால் 100 பங்காக வெட்டினால் ஒரு புள்ளிக் கனமுள்ள அடுக்குதான் கிடைக்கும். கையில் 10,000 புள்ளி இருக்க, அண்டைகளிடமிருந்து 20,000 வாங்க வேண்டும். வேலையைவிடத் தபால் இரு மடங்கு. கனசதுரமாக வெட்டு. 64 பங்கு என்றால் ஒவ்வொன்றும் 25×25×25, அதாவது 15,625 புள்ளி. ஆறு முகத்துக்கும் சேர்த்து வாங்குவது 3,750, சுமார் 24 சதவீதம். அதையே 1,000 பங்காக்கினால் கையில் 1,000 புள்ளிதான் மிஞ்சும், வாங்குவது 600. கன அளவு சுருங்குகிற வேகத்தில் பரப்பளவு சுருங்காது. பள்ளிக் கணக்குதான், ஆனால் இந்தத் துறையின் பாதித் தலைவலிக்கு இதுவே காரணம்.

கட்டம் ஒழுங்காக இல்லாமல் முக்கோணமும் நான்முகியுமாகக் கலந்திருந்தால் கையால் வெட்ட முடியாது. அதற்கு மெட்டிஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கரிப்பிஸும் விபின் குமாரும் 1990களில் எழுதியது. பங்குகள் சமமாக இருக்க வேண்டும், வெட்டுப்படும் இணைப்புகள் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரு சேரப் பார்த்து வெட்டித் தரும்.

6 ஜூன்

"அப்படியானாலும் 47 நிமிடம் எப்படி, குறையாவிட்டாலும் கூடக் கூடாதல்லவா" என்று கேட்டிருக்கிறான். சரியான கேள்வி. இரண்டு காரணம் உண்டு. இன்று முதலாவது.

கான்ஜுகேட் கிரேடியன்ட்டை ஹெஸ்டனஸும் ஸ்டீஃபலும் 1952இல் வெளியிட்டார்கள். அப்போது இணைக் கணினி என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வெக்டர் பெருக்கல் உண்டு, அதாவது எண்ணுக்கு எண் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுவது. 64 கோரும் தன் தன் பங்கைக் கூட்டி, எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சேர்த்து, அந்த எண்ணைத் திரும்ப எல்லாருக்கும் தர வேண்டும். அனுப்புவது எட்டே பைட். ஆனால் அது வராமல் யாரும் அடுத்த அடி வைக்க முடியாது. பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் எழக்கூடாது என்பது போல. ஒரே ஒரு கோர், ஏதோ சிஸ்டம் வேலை குறுக்கிட்டதால் கொஞ்சம் தாமதித்தால், மீதி 63உம் காத்துக்கிடக்கும். ஈதர்நெட்டில் இப்படி ஒரு கூட்டுத்தொகைக்கு 100 மைக்ரோசெகண்டுக்குக் குறையாது என்று வை. சுற்றுக்கு இரண்டு, 0.2 மில்லிசெகண்ட். நேற்று முன்தினம் மிச்சம் பிடித்த 0.2 போயே போச்சு.

இதைக் குறைக்க வழி உண்டு. 1989இல் க்ரோனோபூலஸும் கியரும் பல சுற்றுகளின் கூட்டுத்தொகைகளை ஒன்றாகத் திரட்டி ஒரே தடவையில் அனுப்பும் வடிவத்தைக் கொடுத்தார்கள். 2014இல் கைசெல்ஸும் வான்ரூஸும் வேறு வழியில் போனார்கள்: கூட்டுத்தொகை கேபிளில் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த மேட்ரிக்ஸ் பெருக்கலை ஆரம்பித்துவிடு. பெட்ஸியில் அது பைப்லைன் வடிவம் என்ற பெயரில் இருக்கிறது, ஒரு ஆப்ஷன் மாற்றினால் போதும். இலவசமாகக் கிடைப்பதில்லை, வெக்டர் வேலை கூடும், கடைசி இலக்கங்களை வெட்டுவதால் வரும் உருட்டல் பிழையும் கொஞ்சம் சேரும். நாலு சர்வருக்கு இது தேவைப்படாது. ஆயிரக்கணக்கில் போனால் பார்.

9 ஜூன்

தனி மடலில் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வி கேட்டார்கள். "ஜக்கோபி முறையில் கூட்டுத்தொகைக்கு யாரும் காத்திருக்க வேண்டாமே, ஒவ்வொரு புள்ளியும் பழைய மதிப்பைப் பார்த்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, நூறு சதவீதம் இணையானது, அதை ஏன் விடுகிறீர்கள்?"

விடுவதற்குக் காரணம் சுற்றுகளின் எண்ணிக்கை. எங்கும் ஒரே மண் என்று வைத்துக்கொண்டு, விளிம்பில் நீர்மட்டம் தெரிந்த 100×100×100 கட்டத்தில் பிழையைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காக்க ஜக்கோபிக்கு 28,000க்கு மேல் சுற்று வேண்டும். புது மதிப்பு கிடைத்ததுமே அதைப் பயன்படுத்தும் காஸ்–சைடலுக்கு அதில் பாதி. ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு தளர்வு எண்ணால் பெருக்கி நீட்டும் எஸ்.ஓ.ஆர். முறைக்கு, அந்த எண்ணைச் சரியாகத் தேர்ந்தால், 220 வாக்கில். கான்ஜுகேட் கிரேடியன்ட்டுக்குக் கோட்பாடு தரும் மேல்வரம்பு 470 அளவில், நடைமுறையில் அதற்குள் முடியும். நுண்ணியதும் கரடானதுமான பல கட்டங்களில் மாறி மாறித் தீர்க்கும் மல்ட்டிகிரிட் பத்துச் சுற்றுப் பக்கத்தில் முடிக்கும். 28,000 சுற்றை எத்தனை அழகாகப் பிரித்துக் கொடுத்தாலும் பத்துச் சுற்றிடம் தோற்கும். எல்லாக் கோரும் எப்போதும் வேலையாக இருப்பது வேறு, வேலை சீக்கிரம் முடிவது வேறு. கோர் கூடக் கூட வேகம் எத்தனை மடங்காகிறது என்ற ஸ்கேலிங் படம் மட்டும் போட்டுத் தருகிற கட்டுரைகள் மீது எனக்குக் கோபமே உண்டு. நேர்கோடாக ஏறுகிற வரைபடத்தைக் காட்டிவிட்டு, மொத்தம் எத்தனை நொடி என்பதைச் சொல்வதே இல்லை. மோசமான முறைதான் படத்தில் அழகாக ஸ்கேல் ஆகும்.

காஸ்–சைடலில் ஒவ்வொரு புள்ளியும் முந்தைய புள்ளியின் புது மதிப்பைக் கேட்கும், அதனால் வரிசையாகத்தான் போக வேண்டும் என்று தோன்றும். செஸ் பலகை போல கறுப்பு, சிவப்பு என்று நிறம் பூசினால் சிவப்புக்கு அண்டையெல்லாம் கறுப்பு. சிவப்பு அத்தனையையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கலாம், அப்புறம் கறுப்பு அத்தனையும். இந்த எளிய வழி இன்றைக்கும் ஜி.பி.யு. (கிராஃபிக்ஸ் சிப்) புரோகிராம்களில் ஓடுகிறது.

காஸ் இப்படிச் சுற்றுச் சுற்றாகத் திருத்தும் முறையைப் பற்றித் தன் பழைய மாணவர் கெர்லிங்குக்கு 1823 டிசம்பரில் ஒரு கடிதம் எழுதினார். நில அளவைக் கணக்குக்காக. இந்த முறையில் பாதித் தூக்கத்திலேயே கணக்குப் போடலாம், வேறு எதையாவது நினைத்துக்கொண்டும் போடலாம் என்று அதில் சொல்கிறார். நேரடி நீக்கல் முறைக்கே தன் பெயர் நிலைத்த மனிதர், சலிப்புத் தட்டாமல் இருக்கச் சுற்று முறையைத் தேடினார் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி.

10 ஜூன்

இரண்டாவது காரணம். முக்கியமானது இதுதான்.

உன் லாக் ஃபைலில் சுற்றுகளின் எண்ணிக்கையைப் பார். 16 கோரில் எத்தனை, 64இல் எத்தனை? கட்டாயம் கூடியிருக்கும். சுற்றுகளைக் குறைப்பதற்காக மேட்ரிக்ஸை முன்கூட்டியே பதப்படுத்தும் ப்ரீகண்டிஷனர் எதையும் நீ தேர்ந்தெடுக்காவிட்டால், பல கோரில் ஓடும்போது பெட்ஸி தானாகவே பிளாக் ஜக்கோபியைப் போடும். ஒவ்வொரு கோரும் தன் பங்குக்குள் மட்டும் அரைகுறை எல்.யு. பிரிப்பு (மேட்ரிக்ஸை இரண்டு முக்கோண மேட்ரிக்ஸின் பெருக்கலாகப் பிரிப்பது) செய்துகொள்ளும், பங்குக்கு வெளியே இருப்பதைக் கண்டுகொள்ளாது. பங்கு சிறிதாகச் சிறிதாகத் துண்டிக்கப்படும் இணைப்பு கூடும், சுற்றும் கூடும். கோர் கூடினால் ப்ரீகண்டிஷனரே பலவீனமாகிறது. நீ ஓட்டியது ஒரே முறையை இரண்டு வேகத்தில் அல்ல, இரண்டு வேறு முறைகளை.

பங்குகளைக் கொஞ்சம் ஒன்றன் மேல் ஒன்று படியும்படி வெட்டினால் நிலைமை சீராகும். 1870இல் ஹெர்மன் ஷ்வார்ஸ் ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரண்டு வடிவங்களில் மாறி மாறித் தீர்த்துக் காட்டினார். கணினிக்காக அல்ல, சிக்கலான வடிவத்தில் தீர்வு உண்டு என்று நிரூபிப்பதற்காக. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து இணைக் கணினிக்காரர்கள் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஆனால் அதுவும் தனியாகப் போதாது. மாடலின் ஒரு மூலையில் கிணறு தண்ணீர் இறைத்தால் அந்தச் சேதி மறு மூலைக்குப் பங்கு பங்காகத் தாண்டித்தான் போகும். ஒரு சுற்றுக்கு ஒரு தாண்டல். அதனால் மொத்த மாடலையும் கரடுமுரடாகப் பார்க்கும் சின்னக் கட்டம் ஒன்று மேலே வேண்டும். தூரத்துச் சேதியை அது ஒரே சுற்றில் கொண்டு போய்விடும். இதைப் பல மட்டங்களில் அடுக்கினால் மல்ட்டிகிரிட். ஃபெடொரென்கோ 1960களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் எழுதினார், பிராண்ட் 1977இல் எல்லாருக்கும் புரிகிற மாதிரி ஆக்கினார்.

உன் மாடலில் மணலும் களிமண்ணும் கலந்திருக்கும். மணலின் நீர் கடத்தும் திறன் நொடிக்கு 10⁻⁴ மீட்டர் என்றால் களிமண்ணுக்கு 10⁻⁹. லட்சம் மடங்கு வித்தியாசம் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில். இப்படிப்பட்ட இடத்தில் வடிவத்தை மட்டும் பார்த்துக் கட்டத்தைக் கரடாக்கினால் காலை வாரும். மேட்ரிக்ஸின் எண்களைப் பார்த்தே எது எதோடு பலமாக இணைந்திருக்கிறது என்று தீர்மானிக்கும் இயற்கணித மல்ட்டிகிரிட் வேண்டும். லாரன்ஸ் லிவர்மோரின் ஹைப்ரே நூலகத்தில் பூமர்ஏ.எம்.ஜி. இருக்கிறது, பெட்ஸிக்குள்ளிருந்தே கூப்பிடலாம். ஒரே சர்வரில் இதை ஓட்டிப் பார்த்துவிட்டு வா.

13 ஜூன்

"இந்தியாவிலேயே பெட்டாஃப்ளாப்ஸ் மெஷின்கள் வந்துவிட்டன, இவர் இன்னும் கேபிளைப் பற்றிப் பேசுகிறார்" என்று ஒருவர். வந்திருக்கின்றன, எனக்கும் பெருமைதான். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் பரம் பிரவேகா 3.3 பெட்டாஃப்ளாப்ஸ். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் பரம் பொருள் வந்தது, 838 டெராஃப்ளாப்ஸ். டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு 10¹² கணக்கு; ஆயிரம் டெரா ஒரு பெட்டா, ஆயிரம் பெட்டா ஒரு எக்ஸா. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

உலகின் வேகமான கணினிகளை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல் 1993 முதல் லின்பேக் சோதனையை வைத்து வருகிறது. எல்லா இடமும் நிரம்பிய மேட்ரிக்ஸில் காஸ் நீக்கல். அதில் ஒரு எண்ணைக் கொண்டு வந்தால் நூற்றுக்கணக்கில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம், அதனால் கோர் பசியாறுகிறது. நமது மேட்ரிக்ஸில் அந்த வசதி இல்லை. அதனால்தான் டொங்காராவும் ஹெரூவும் சேர்ந்து எச்.பி.சி.ஜி. என்ற இன்னொரு சோதனையைக் கொண்டு வந்தார்கள். முப்பரிமாணக் கட்டம், கான்ஜுகேட் கிரேடியன்ட், கிட்டத்தட்ட இந்தத் தம்பியின் கணக்கேதான். ஜப்பானின் ஃபுகாகு லின்பேக்கில் 442 பெட்டாஃப்ளாப்ஸ் எடுத்தது, எச்.பி.சி.ஜி.யில் 16. அமெரிக்காவின் ஃப்ரான்டியர் 2022இல் லின்பேக்கில் 1.1 எக்ஸாஃப்ளாப்ஸைத் தொட்டது, எச்.பி.சி.ஜி.யில் 14 பெட்டாஃப்ளாப்ஸ். லின்பேக்கில் இரண்டு மடங்குக்கு மேல் வேகமானது, நமது மாதிரிக் கணக்கில் ஃபுகாகுவுக்குப் பின்னால் நிற்கிறது!

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் டெண்டரில் டெராஃப்ளாப்ஸ் மட்டும் கேட்டு மெஷின் வாங்கினார்கள். கோர் நிறைய, மெமரியிலிருந்து எண் வரும் பாதைகளான மெமரி சேனல் பாதி காலி. எட்டுக் கோரில் ஓடினாலும் எல்லாக் கோரிலும் ஓடினாலும் எங்கள் சால்வருக்கு (சமன்பாடு தீர்க்கும் புரோகிராம்) ஒரே நேரம். காலி ஸ்லாட்டில் மெமரி அட்டை வாங்கிச் செருகிய அன்றைக்குத்தான் அது உருப்படியான மெஷின் ஆனது. உங்கள் சர்வரைத் திறந்து பாருங்கள். எத்தனை சேனல், எத்தனை அட்டை. கொட்டேஷனில் இது ஒரு வரிதான்.

18 ஜூன்

மல்ட்டிகிரிட்டை அழுத்திச் சொன்னேன். அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவன் கணக்கு காலப்படியோடு வருவது. 9ஆம் தேதி போட்ட எண்கள் எல்லாம் காலம் இல்லாத நிலைத்த ஓட்டத்துக்கு. காலப்படி இருந்தால் மண் சேமித்து வைக்கிற நீருக்கான உறுப்பு மூலைவிட்டத்தில் ஏறும். காலப்படி சிறிதாக இருந்தால் அந்த உறுப்பு பெரிது, மேட்ரிக்ஸ் தானாகவே சாதுவாகிவிடும். அப்போது மூலைவிட்டத்தால் வகுக்கிற சாதாரண ப்ரீகண்டிஷனரே இருபது முப்பது சுற்றில் முடிக்கலாம். கட்ட அடுக்குகளைக் கட்டுகிற செலவு மல்ட்டிகிரிட்டுக்கு வீண். ஒரு நாள் காலப்படிக்கு ஒரு பதில், ஒரு மாதத்துக்கு வேறு பதில்.

இன்னொன்று. சுற்று இல்லாமல் மாறிகளை நீக்கி ஒரே தடவையில் தீர்க்கும் நேரடி முறையை யாரும் எடுத்துப் பேசவில்லை, நானும்தான். 10 லட்சம் மாறிக்கு முழு மேட்ரிக்ஸாக வைத்தால் 8 டெராபைட். கூட்டல் பெருக்கல் மொத்தம் 6.7×10¹⁷. ஒரு டெராஃப்ளாப்ஸ் விடாமல் கிடைத்தாலும் ஏழரை நாளுக்கு மேல். அதனால் எல்லாரும் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பூஜ்யங்களை மதித்துச் செய்யும் நேரடி முறைகள் வேறு. 1973இல் ஆலன் ஜார்ஜ் சொன்ன நெஸ்டட் டிசெக்ஷன் வரிசையில் கட்டத்தை நடுவே பிளந்து, பிளந்த பாதியை மறுபடி பிளந்து போனால், முப்பரிமாணத்தில் கணக்கு மாறிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு இறங்கிவிடும், கனத்துக்கு அல்ல. பிளந்த இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, எனவே இணையாகவும் ஓடும். மம்ப்ஸ், சூப்பர்எல்.யு. போன்ற நேரடி முறை நூலகங்கள் எல்லாம் இந்த வரிசையைப் பயன்படுத்துபவைதான். மெமரி பல ஜி.பி. தின்னும், அது உண்மை.

காலப்படி மாறாமல், நீர் கடத்தும் திறனும் மாறாமல் இருந்தால் மேட்ரிக்ஸ் கடைசி வரை ஒன்றே. ஒரு தடவை பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் வலப்பக்கத்தை மட்டும் மாற்றித் தீர்க்கலாம். பிரித்த எண்கள் 10 ஜி.பி. என்று வைத்தால், முன்னே ஒரு தடவை பின்னே ஒரு தடவை படிக்க 0.2 நொடி. 2 மில்லிசெகண்ட் சுற்று நூறு ஓடினாலும் அதே 0.2 நொடி. ஆக, ஒரு படிக்கு நூறு சுற்றுக்கு மேல் ஆகிறது என்றால் நேரடி முறையை யோசி. முப்பதில் முடிகிறது என்றால் விட்டுவிடு.

மேலே நீர் புகாத அடுக்கு இல்லாமல் நீர்மட்டம் ஏறி இறங்கும் திறந்த நீர்த்தேக்கி என்றால் இதெல்லாம் பொருந்தாது. அங்கே மட்டம் மாறும்போதெல்லாம் மேட்ரிக்ஸும் மாறும்.

22 ஜூன்

16 கோர் விடையும் 64 கோர் விடையும் கடைசி இலக்கங்களில் வேறுபடுகின்றன, பயமாக இருக்கிறது என்கிறான். பயப்படாதே. கம்ப்யூட்டரில் கூட்டும் வரிசை மாறினால் தொகை மாறும். 10¹⁶ உடன் 1 கூட்டி 10¹⁶ஐக் கழி, 0 வரும். முதலில் கழித்துவிட்டு 1ஐக் கூட்டு, 1 வரும். 64 பேரின் தொகை வேறு வரிசையில் சேர்கிறது, 10ஆம் தேதி சொன்னபடி ப்ரீகண்டிஷனரும் வேறு, அவ்வளவே. உன் நிறுத்த வரம்பு 10⁻⁶ என்றால் பத்தாவது இலக்கத்தை ஏன் பார்க்கிறாய்? ஆறாவது இலக்கத்துக்கு முன்பே மாறினால் மட்டும் எழுது. அப்போது அது கூட்டல் வரிசை அல்ல, மேட்ரிக்ஸ் முரடு (சின்னப் பிழையையும் பெரிதாக்குவது) அல்லது புரோகிராமில் பிழை.

ஆனால் பிழை தேடும்போது இந்த ஆட்டம் உயிரை வாங்கும் என்பது நிஜம். அப்போது கோர் எண்ணிக்கையை மாற்றாமல் வைத்துக்கொண்டு தேடு.

25 ஜூன்

எண்கள் அனுப்பியிருக்கிறான். காலப்படி ஒரு நாள், மாறாதது. மூடிய நீர்த்தேக்கி. சுற்றுகள் 16 கோரில் 140 பக்கம், 64இல் 190க்கு மேல். எதிர்பார்த்த மாதிரியே. அதோடு, இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்கிறான்: இந்த மாடலை மண் மதிப்புகளை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான தடவை ஓட்டிக் கிணற்று அளவுகளோடு பொருத்திப் பார்க்க வேண்டுமாம்.

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த இழையில் பாதி தேவைப்பட்டிருக்காது, தம்பி. நாலு சர்வரையும் ஒரு கணக்குக்குக் கட்டாதே. ஒவ்வொரு சர்வரிலும் ஒரு மண் மதிப்பு, தனித்தனி ஓட்டம். அவற்றுக்கு நடுவே ஒரு பைட்கூடப் போக வேண்டாம், கிகாபிட் தாராளமாகப் போதும். 40 நிமிடத்தில் நாலு ஓட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் மம்ப்ஸில் ஒரு தடவை பிரித்து வைத்து எல்லாக் காலப்படிக்கும் அதையே பயன்படுத்து. மெமரி பத்தாவிட்டால் பூமர்ஏ.எம்.ஜி.க்குப் போ, அடுக்குகளை ஒரு தடவை மட்டும் கட்டு, மேட்ரிக்ஸ் மாறாததால் ஒவ்வொரு படியிலும் திரும்பக் கட்டாமலிருக்க பெட்ஸியில் ஆப்ஷன் உண்டு. ப்ராசஸ்களைக் கோரோடு கட்டிப்போடு, இல்லாவிட்டால் லினக்ஸ் அவற்றை இடம் மாற்றி மெமரித் தூரத்தைக் கூட்டும். எட்டு, பன்னிரண்டு, பதினாறு கோரில் ஒவ்வொரு தடவை ஓட்டி நேரத்தை எழுது. பன்னிரண்டுக்கு மேல் குறையவில்லை என்றால் மீதி நாலு கோரைச் சும்மா விடு.

கைடுக்குக் கோர் கேட்கும் கடிதத்துக்குப் பதில் 4 ஜூன் கணக்கைக் காட்டு.